கடன் வசூல் அழைப்புகளால் தொல்லையா? விதிகள் கூறுவது என்ன?

பெங்களூரு: தவணை தவறிய கடன்தாரரைக் கைபேசியில் அழைத்து நினைவூட்ட வங்கிகளுக்கு உரிமை உண்டு. ஆனால், அதற்கு எல்லை வகுக்கப்பட்டுள்ளது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது. நுண்கடன்களுக்கு இந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 மணி வரை மட்டுமே.

ஓயாமல் அழைப்பது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது, சமூக ஊடகங்களில் தகாத செய்தி அனுப்புவது, குடும்பத்தினர், நண்பர்களின் தனியுரிமையில் தலையிடுவது ஆகியவையும் தடை செய்யப்பட்டுள்ளன. 'அது வெளி முகமையின் வேலை' என்று வங்கி கைகழுவ முடியாது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு.

கடன் செயலிகளின் மிரட்டல் பெங்களூருக்குப் புதிதன்று. சிறு தொகை கடன் பெற்றவர்களைத் துன்புறுத்திப் பணம் பறித்ததாக நகர சைபர் குற்றக் காவல் நிலையத்தில் பதிவான 18 வழக்குகளின் அடிப்படையில், 2022 செப்டம்பரில் அமலாக்கத் துறை இங்கு 6 இடங்களில் சோதனை நடத்தி, சீனர்களின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனங்களின் கணக்குகளில் ரூ.17 கோடியை முடக்கியது. அதே மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கைபேசியில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், புகைப்படங்களைக் கடன் செயலிகள் அணுகத் தடை விதித்தன. உறவினர்களுக்கு அழைப்பு போவதன் வேர் பெரும்பாலும் அந்த அனுமதியில்தான் இருந்தது.

கர்நாடக அரசு 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி நுண்கடன் வசூல் கொடுமைக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டு வந்தது. ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிய பிறகே அது நடைமுறைக்கு வந்தது. குற்றவாளிகளுக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். எனினும், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதன் வரம்புக்குள் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றின் மீதான புகார் செல்ல வேண்டிய இடம் வேறு.

அழைப்பு வந்தால், பேசுபவரின் பெயர், எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார், கடன் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்டு, நாள், நேரத்துடன் குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். விளக்கம் பெற 14448 என்ற எண் உள்ளது. விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 1909 பதிவு, வசூல் அழைப்புகளை நிறுத்திவிடும் என எதிர்பார்க்க இயலாது.

நேரடி மிரட்டல் இருந்தால் 112, போலிச் செயலி வழியே பணம் பறிபோனால் 1930 ஆகிய எண்களை உடனே அழைக்கலாம். 'இன்றே கைது செய்வோம்' என்று சொல்லும் அதிகாரம் எந்த முகவருக்கும் இல்லை. ஆயினும், காசோலை திரும்பிய வழக்கில் நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணையைப் புறக்கணிப்பது ஆபத்து.

கடனே வாங்காதவருக்கு அழைப்பு வந்தால்? நண்பரின் விண்ணப்பத்தில் தொடர்புக்காக எண் தரப்பட்டிருந்தால் அவருக்குப் பொறுப்பு கிடையாது. பிணையாளராகக் கையெழுத்திட்டிருந்தால் பொறுப்பு உண்டு. இரண்டும் இல்லையெனில், தமது பெயரில் வேறு யாரேனும் கடன் பெற்றிருக்கிறார்களா என்பதைக் கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக வழங்கும் அறிக்கையில் சரிபார்க்கலாம்.