போலிச் செர்ரியின் பேரன்

ஐஸ்க்ரீம் மேல் மாம்பழ நிறத்தில் குட்டிக் குட்டி முத்துகள். வாயில் போட்டால் பட்டென்று உடைந்து சாறு பீறிடுகிறது. பெரிய ஹோட்டல்களில் பத்துப் பதினைந்து முத்தைத் தூவிவிட்டு பில்லைக் கணிசமாக ஏற்றிவிடுகிறார்கள். காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்குமா? அடக்க விலை என்னவென்று விசாரிக்கப் போனேன். ஒரு சரித்திரமே மாட்டியது!

19-ம் நூற்றாண்டு. ஸ்காட்லாந்துக் கடற்கரை. பழுப்புக் கடற்பாசியை எரித்து, சாம்பலிலிருந்து அயோடின் எடுப்பது அங்கே ஒரு தொழில். எரிப்பதில் பெரும்பகுதி வீணாகிறதே என்று ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலாளருக்கு வருத்தம். எரிக்காமல் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறப்போட்டார். கொழகொழவென்று ஒரு வஸ்து வந்தது. 1881-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைய ஆல்ஜினேட்டின் ஆதிமூலம் அதுதான்.

அடுத்த காட்சி 1942. உலகமே யுத்தத்தில் எரிந்துகொண்டிருக்க, பிரிட்டனில் வில்லியம் பெஷார்ட் என்பவர் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? டூப்ளிகேட் செர்ரி! ஆல்ஜினேட் கலந்த இனிப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக கால்சியம் உப்புநீரில் விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தோல் முளைத்தது. காரணம் எளிது. சோடியத்துக்கு ஒரு கை, கால்சியத்துக்கு இரண்டு. சோடியத்தைத் தள்ளிவிட்டு கால்சியம் உட்காரும்போது, பக்கத்துப் பக்கத்து ஆல்ஜினேட் சங்கிலிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறது. 1946-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பெயர் கிடைத்ததா? ஊஹும்.

அறுபது வருடம் கழித்து ஸ்பெயினில் அந்தச் சொட்டுக்கு யோகம் அடித்தது. ரோஸஸ் ஊருக்கு அருகே எல்புல்லி உணவகம். அதன் சமையல் மேதை ஃபெரான் அட்ரியா, 2003-ல் முலாம்பழச் சாற்றை இதே முறையில் முத்தாக்கினார். பார்வைக்குக் காவியார், அதாவது மகா விலையுள்ள மீன் முட்டை. ருசியோ பழம்! உலகமே வாய் பிளந்தது. பெஷார்ட் செர்ரி இல்லாமல் செர்ரி காட்டினார். அட்ரியா மீன் இல்லாமல் மீன் முட்டை காட்டினார். முன்னதற்குப் பெயர் போலி, பின்னதற்குக் கலை!

நம் வீட்டிலும் செய்யலாம். கால் லிட்டர் மாம்பழச் சாற்றில் 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை மிக்ஸியில் அடித்து, நுரை அடங்கும்வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கால்சியம் குளோரைடு. உணவுத் தரம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கவேண்டும், ஜாக்கிரதை. ஊசியில்லாத சிரிஞ்சால் சாற்றைச் சொட்டவிட்டு, ஒரு நிமிடத்தில் அரித்தெடுத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

முதல் முறை நான் எலுமிச்சையில் ஆரம்பித்து அசடு வழிந்தேன். புளிப்பு அதிகமானால் ஆல்ஜினேட் முரண்டு பிடிக்கும். இன்னொன்று, செய்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். கால்சியம் உள்ளே ஊடுருவிக்கொண்டே போக, கொஞ்ச நேரத்தில் முத்து முழுசாக இறுகிவிடும். அட்ரியாவுக்கே இது தலைவலிதான். 2005-ல் முறையைத் தலைகீழாக்கினார். கால்சியத்தை உணவுக்குள்ளும், ஆல்ஜினேட்டை வெளியேயும் வைத்து, இறுகாத ஆலிவ் உருண்டை செய்தார். எல்புல்லி 2011-ல் மூடப்பட்டது. முத்துகள் மூடப்படவில்லை.

அடக்க விலை கேட்டேன் இல்லையா? ஒரு கிண்ண முத்துக்கு ஆல்ஜினேட் 2 கிராம். அவ்வளவுதான்! அந்த ஆல்ஜினேட் எடுக்க உதவும் பழுப்புப் பாசி, நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து கையால் பறித்து வருகிறார்கள். பெஷார்டுக்காவது காப்புரிமையில் ஒரு வரி உண்டு. இவர்களுக்கு?

அடுத்த முறை முத்து வாயில் உடையும்போது, ஒரு நிமிஷம் அந்த மூச்சையும் நினைத்துக்கொள்ளுங்கள்.