பரிசோட ஊருக்கு நின்னுக்கிட்டே வந்த பையன்

ஸ்கூல்ல பேச்சுப்போட்டிக்குப் போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன். எட்டாம் வகுப்பு, தமிழ் ஐயா எழுதிக்கொடுத்த நாலு பக்கம். ரெண்டாவது பக்கத்துல மறந்துபோச்சு. ஆறுதல் பரிசா ஒரு டிபன் பாக்ஸ் கிடைச்சது. நான் பேசினது உண்மையா, நான் அதை நம்புறேனான்னு எல்லாம் யாரும் கேட்கல. போட்டியில் அதுக்கு மார்க்கும் கிடையாது.

ஆனா ஒரு பையன்கிட்ட அந்தக் கேள்வியை அன்னைக்கு ராத்திரியே ஒரு பஸ் டிரைவர் கேட்டுட்டார். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

1944 ஏப்ரல். அமெரிக்காவின் தெற்கு மாநிலமான ஜார்ஜியாவில் டப்ளின் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தேவாலயத்தில் பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப்போட்டி. நடத்தியது கறுப்பின மக்களின் எல்க்ஸ் சங்கம். வெள்ளையர்களின் எல்க்ஸ் சங்கம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால் இவர்களே தனியாகத் தொடங்கிய சங்கம் அது. அட்லாண்டாவிலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் சார்பில், பிராட்லி என்ற டீச்சருடன் 15 வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். பெயர் மார்ட்டின் லூதர் கிங். ஆமாங்க, அவரேதான்.

அவருக்கு மேடை புதுசில்ல. 1939-ல் 'கான் வித் தி விண்ட்' படத்தின் முதல் காட்சியை அட்லாண்டா பெரிய திருவிழாவாகக் கொண்டாடியது. அதையொட்டி வெள்ளையர்களுக்காக நடந்த விருந்தில் பாடியது கிங் குடும்பத்தின் தேவாலயப் பாடகர் குழு. குழுவில் 10 வயது கிங்கும் இருந்தார். போட்டிருந்தது அடிமை வேஷம். அதாவது, அவர் ஏறின முதல் பெரிய மேடையில் வேஷமும் கதையும் அடுத்தவங்களோடது.

டப்ளினில் பேச்சு அவருடையது. தலைப்பு 'நீக்ரோவும் அரசியலமைப்புச் சட்டமும்'. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த சொல் அதுதான். பேச்சில் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகியை உதாரணம் காட்டுகிறார். 1939-ல் வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கில் பாட அவருக்கு அனுமதி மறுத்தார்கள். அரங்கின் பெயர் என்ன தெரியுமா? கான்ஸ்டிடியூஷன் ஹால். அரசியலமைப்புச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு கட்டடம், உள்ளே விடமாட்டேன் என்கிறது! அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று சுமார் 75,000 பேர் முன்னால் பாடினார். அப்படிப் பாராட்டப்பட்டவருக்கே சொந்த நாட்டின் பல ஓட்டல்களில் சாப்பாடு கிடையாது, இது என்ன குடியுரிமை என்பதுதான் கிங்கின் வாதம். 15 வயசுல நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு யோசிச்சுப் பார்த்தேன். வேண்டாம், விடுங்க.

போட்டியில் தான் ஜெயித்ததாக 1965-ல் வெளிவந்த ஒரு பேட்டியில் கிங் சொல்கிறார். (அதில் வயசை 14-ன்னு சொல்லியிருக்கார். கணக்குப் போட்டா 15.) அன்றிரவு டீச்சரும் அவரும் பஸ்ஸில் திரும்புகிறார்கள். வழியில் ஓர் ஊரில் வெள்ளைக்காரப் பயணிகள் ஏற, டிரைவர் இவர்களை எழுந்திருக்கச் சொல்கிறார். தாமதித்ததும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். பையன் எழுவதாக இல்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்று டீச்சர்தான் எழ வைக்கிறார். அட்லாண்டா வரைக்கும் 90 மைல், நின்றுகொண்டே வந்தார்கள். கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போற தூரம்னு வச்சுக்கோங்க. வாழ்க்கையிலேயே தனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை என்று அந்தப் பேட்டியில் சொல்கிறார்.

நிறையப் பேர் பிராட்லி டீச்சரைக் கோழைன்னு நினைப்பாங்க. எனக்கு அப்படித் தோணல. ராத்திரி நேரம், 1944-ன் ஜார்ஜியா, கூட இருக்கிறது அடுத்த வீட்டுப் பிள்ளை. அந்தப் பையனை உயிரோடு வீட்டில் சேர்ப்பதுதான் அன்றைக்கு அவருடைய வேலை.

கதை இங்கேயே முடிஞ்சிருக்கலாம். ஆனா 11 வருஷம் கழிச்சு, 1955 மார்ச் 2, பக்கத்து மாநிலமான அலபாமாவின் மான்ட்கோமரியில் ஒரு பஸ். கிளாடெட் கோல்வின் என்ற மாணவியை டிரைவர் எழுந்திருக்கச் சொல்கிறார். அவருக்கும் வயது 15. படித்ததும் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளிதான். ஊர் வேறு, பள்ளி வேறு, பெயர் மட்டும் ஒன்று. இந்தப் பிள்ளை எழவில்லை. போலீஸ் இழுத்துப்போகும்போது, இது என் அரசியலமைப்பு உரிமை என்று கத்தினார். கிங் டப்ளின் மேடையில் பேசிய அதே தலைப்பு, இந்தத் தடவை பஸ்ஸுக்குள்ளேயே.

அந்தக் கைது தொடர்பாக அதிகாரிகளைச் சந்தித்துப் பேசிய குழுவில் 26 வயதுப் பாதிரியார் ஒருவர் இருந்தார். ஊருக்குப் புதுசா வந்திருந்த கிங். அவருக்கு அன்னைக்கு டப்ளின் பஸ் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்?

ஒன்பது மாதம் கழித்து ரோசா பார்க்ஸ் கைதானார், பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. அதுதான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனால் பஸ்ஸில் இனப் பிரிவினை அரசியலமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று 1956-ல் தீர்ப்பு வாங்கிய வழக்கில் ரோசா பார்க்ஸ் பெயர் இல்லை. கோல்வின் பெயர் இருக்கிறது. அவர் மேல் 1955-ல் போட்ட வழக்கின் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-ல்தான். அப்போ அவருக்கு வயசு 82.