அம்மாயி கையும் பேரன் தலையும்

கொங்கு நாட்டில் எழுபது, எண்பது வயதான பெண்கள் பலரின் முன்கையில் ஒரு கோலமோ, தேளோ, வரிசையாய்ச் சில புள்ளிகளோ இன்றும் இருக்கும். குத்திய நாளில் கருகருவென்று இருந்த மை இப்போது நீலம் கலந்த பச்சையாகிவிட்டது. கோடுகளும் ஓரம் கசிந்து தடித்துப் போயின. வழுக்கையை மறைக்கத் தலையில் மைப்புள்ளி வைத்துக்கொள்ளும் ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் கோவைக்கும் வந்துவிட்டது. சுருக்கமாக எஸ்.எம்.பி. என்கிறார்கள். அதைச் செய்துகொள்ள நினைக்கும் இளைஞர், கிளினிக் சுவரில் மாட்டிய 'முன்-பின்' படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் தன் அம்மாயியின் கையை ஒருமுறை பார்க்க வேண்டும். மை தோலுக்குள் ஐம்பது ஆண்டுகளில் என்னவாகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பச்சை குத்துவதும் எஸ்.எம்.பி.யும் அடிப்படையில் ஒரே வேலை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகளில், குறவர் பெண்கள் பச்சை குத்தும் முறையை விவரித்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, படியும் கரியைப் புதுச்சட்டியில் பிடிப்பார்கள். தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ அதைக் குழைத்தால் மை தயார். சேர்த்துக் கட்டிய சில தையல் ஊசிகள்தாம் கருவி. எஸ்.எம்.பி. மையிலும் பெரும்பாலும் முதன்மைப் பொருள் கரிதான். ஆலையில் தயாராகி, மூடி முத்திரையிட்ட புட்டியில் வருகிறது.

ஆழத்தில்தான் பெரிய வேறுபாடு. பழைய ஊசி எவ்வளவு இறங்கும் என்பது குத்துபவரின் கைப்பழக்கம். எஸ்.எம்.பி.யில் மை மேல்தோலைத் தாண்டி அடித்தோலின் மேற்பகுதியில் நிற்க வேண்டும். மேலேயே நின்றால் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். கீழே போனால் புள்ளி பரவும், கருப்பு நீலமாகத் தெரியும். அம்மாயி கையில் நடந்தது இந்த இரண்டாவது. கையில் அது குறையே அல்ல. கோலம் கோலமாகத்தான் இருக்கிறது, அவரும் அதை யாரிடமும் மறைக்கவில்லை. தலையில் வைக்கும் புள்ளியோ மழித்த முடியின் அடிக்கட்டையைப் போலக் கண்ணை நம்பவைக்க வேண்டியது. அது மயிரளவு பரவினாலும் நெற்றிக்கு மேலே நீலத் தொப்பி போட்டதுபோல் ஆகிவிடும். ஒரே பக்கவிளைவு ஓரிடத்தில் முதுமையின் அடையாளம், மற்றோரிடத்தில் வெளியே தலைகாட்ட முடியாத துயரம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஊசியை எடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

கிருமி விஷயத்தில் பழையதைக் கொண்டாட முடியாது. சந்தையில் ஒரே ஊசிக்கட்டு பலர் கையில் இறங்கியது. ஹெபடைடிஸ் பி, சி போன்றவை ரத்தத்தின் வழியே பரவ அதுவே போதும். இன்று ஒருவருக்கு ஒரு ஊசி, வேலை முடிந்ததும் குப்பைக்கு. உறையை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஊசி சுத்தமானால் மட்டும் போதாது. 2011இன் இறுதியில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது. அவர்களில் பெரும்பாலோரிடம் காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியம் கெலோனே கண்டறியப்பட்டது. முன்கூட்டியே நீர் கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையில்தான் அது இருந்தது. எஸ்.எம்.பி.யிலும் வாடிக்கையாளரின் முடி நிறத்துக்கு ஏற்ப மையில் நீர் கலப்பது வழக்கம். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிமையானாலும், மையில் கலக்க அதுவும் கூடாது. கிருமி நீக்கிய நீர் வேண்டும்.

அடுத்தது பின்பராமரிப்பு. குத்தி முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, வீங்காமலிருக்க மஞ்சள்தூள் தேய்ப்பது பழைய வழக்கம். எஸ்.எம்.பி.யில் நடப்பது கிட்டத்தட்ட நேரெதிர். முதல் நான்கைந்து நாள் தலையில் தண்ணீரே படக்கூடாது என்பார்கள். சிவப்பு ஓரிரு நாளில் தணியும். பிறகு மிளகுத்தூள் தூவியதுபோல் சிறு பொருக்குகள் தோன்றி ஒரு வாரத்துக்குள் தாமாக உதிரும். நகத்தால் பெயர்த்தால் மையும் சேர்ந்து வந்து, அந்த இடம் வெள்ளையாக நிற்கும். மஞ்சளுக்கு இங்கே இடமில்லை. ஆறாத புள்ளிகள்மேல் எதைப் பூசினாலும் எரிச்சலும் ஒவ்வாமையும் வரக்கூடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் சில வாரம் தள்ளிவைக்க வேண்டும். காங்கயத்துச் செக்கெண்ணெயாக இருந்தாலும்தான்.

கிளினிக்கில் கொடுக்கும் தாள் இங்கிலாந்துக்காரருக்கு எழுதியதுபோல் இருப்பதுதான் என் மனக்குறை. 'கடும் உடற்பயிற்சி தவிர்க்கவும்' என்று அதில் இருக்கும். கோவை கணபதிப் பகுதி ஃபவுண்டரியில் உலைமுன் நிற்பவருக்கு, திருப்பூர் சாயப்பட்டறையில் நீராவிக்குள் வேலை செய்பவருக்கு, பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் போடுபவருக்கு உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை, பிழைப்பே வியர்வைதான். அவர்களிடம் ஒரு வாரம் விடுப்பு எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு, மூன்று அமர்வுகள் ஒன்றிரண்டு வார இடைவெளியில் நடக்கும் என்பதால், அத்தனை முறையும் விடுப்பு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறாத தலையில் ஹெல்மெட் உரசக்கூடாதுதான், ஆனால் அதற்காக ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டு என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த நாள்களில் பேருந்தில் போகலாம். ஒரு மாதத்துக்கு வெயில் நேரடியாகத் தலையில் படக்கூடாது. அதன் பிறகும் சன்ஸ்கிரீன் பழகாவிட்டால், மூன்று முதல் ஐந்து ஆண்டு நிற்க வேண்டிய நிறம் சீக்கிரமே வெளுக்கும்.

பழனியையும் மறக்கக்கூடாது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் நம்மில் ஏராளம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசும் வேண்டுதல் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, தோல் நன்றாக ஆறியபின் எஸ்.எம்.பி.க்குப் போவதே சரி. குத்திய பத்து நாளுக்குள் சவரக்கத்தி பட்டால் பொருக்குகளும் போகும், தொற்றுக்கும் வழி திறக்கும்.

பச்சை குத்திய பெண்ணுக்கு, எதிரே இருப்பவரின் நோயைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நல்ல தோலில்தான் அவர் குத்தினார். எஸ்.எம்.பி. செய்பவரின் முன்னால் இருப்பதோ முடி உதிர்ந்த தலை, உதிர்ந்ததற்குக் காரணமும் உள்ள தலை. சொரியாசிஸ், வெண்புள்ளி, லைக்கன் பிளானஸ் உள்ளவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே அந்த நோய் புதிதாகக் கிளம்பலாம். கோப்னர் விளைவு என்று தோல் மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். புழுவெட்டில் முடி திரும்ப முளைக்க வாய்ப்பு உண்டு, அங்கே அவசரப்பட்டு மை வைப்பது வீண். பிடரியில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு சிலருக்கு இருக்கும். இவற்றையெல்லாம் தோல் மருத்துவர் ஒருவர் முதலில் பார்த்திருக்க வேண்டும். அழகு நிலையத்தில் சில நாள் பயிற்சி பெற்றவர் இதைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமல்ல.

ரத்ததானம் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சை குத்தியவர் 12 மாதம் ரத்தம் கொடுக்கக்கூடாது. தலையில் குத்தினாலும் ஊசியும் மையும்தானே. முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பிடிக்காமல் போனால் அழிக்க முடியுமா என்ற கேள்விக்கு அம்மாயி தலைமுறையில் பதிலே இல்லை, கேட்டவர்களும் குறைவு. இன்று லேசர் இருக்கிறது. கரி மை அதற்கு நன்றாக இணங்கும், பல அமர்வுகளில் மங்கும். ஆனால் பழுப்பு நிறத்துக்காக இரும்பு ஆக்சைடு கலந்த மையாக இருந்தால், லேசர் பட்டதும் வெளுப்பதற்குப் பதில் கருத்துப்போகக்கூடும். ஆகவே ஊசி இறங்குவதற்கு முன்பே மையின் பெயர், தொகுதி எண், கலவை மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கி, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்தில் தலையைக் கொடுக்க வேண்டாம்.