ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் நண்பர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வழக்கம்போல வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்த நேரம். நண்பரின் பையன் என்னைத் தனியாகக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டான். பத்தொன்பது வயது, காலேஜில் இரண்டாம் வருடம்.

"அங்கிள், நீங்க ஹைதராபாத்ல இருந்தீங்க இல்ல? அங்க காலை நீட்டி ஹைட் ஏத்தற ஆபரேஷன் பண்றாங்களாமே? இங்கத்தவிட ரொம்ப சீப்பாம். சம்மர் லீவுல போய் முடிச்சுட்டு வந்துடலாமா? அப்பா அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

பையன் ஐந்தடி ஐந்து அங்குலம். அவனை அண்ணாந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் நான் ஐந்தடி நான்கு :-)

சிரித்து அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் ஹைதராபாத், கால், "அப்பா அம்மாவிடம் சொல்லாதே" என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இரண்டு. ஒன்று நான் கண்ணால் பார்த்தது, மற்றது 2016ல் ஊரே பார்த்தது. இரண்டையும் சொல்வதற்கு முன்னால் இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கதை சைபீரியாவில் ஆரம்பித்து அமீர்பேட்டைக்கு வருகிறது.

காலை நீட்டும் ஆசை ரொம்பப் பழையது. இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ கொதிவில்லா என்ற மருத்துவர், குட்டையான காலின் எலும்பை வெட்டி, பலமாக இழுத்து, மாவுக்கட்டு போட்டு நீட்டிய முறையை 1905ல் கட்டுரையாக எழுதினார். எலும்பை வெட்டுவது பெரிய விஷயமாக இருக்கவில்லை. இழுக்கும்போதுதான் சிக்கல். எலும்போடு சேர்ந்து நரம்பு, ரத்தக்குழாய், தசை, தோல் எல்லாம் நீள வேண்டும். அவசரமாக இழுத்தால் அவை ஒத்துழைக்காது. அடுத்த அரை நூற்றாண்டு முழுக்க மருத்துவர்கள் இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றார்கள்.

விடை வந்தது சோவியத் நாட்டின் ஒரு மூலையிலிருந்து. கவ்ரில் இலிசாரோவ் 1921ல் பிறந்தவர், ஏழை யூதக் குடும்பம். 1944ல் டாக்டர் படிப்பை முடித்ததும் மேற்கு சைபீரியாவின் குர்கான் பகுதியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். (நம்ம டெல்லி பக்கத்து குர்கான் இல்லை!) யுத்தம் முடிந்த சமயம். சேராத எலும்போடும் சீழ் பிடித்த காலோடும் திரும்பிய சிப்பாய்கள் எங்கு பார்த்தாலும். கையில் பெரிய வசதி கிடையாது. 1951 வாக்கில் அவர் உருவாக்கிய கருவி பார்வைக்கு சைக்கிள் சக்கரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் குறுக்கே பாயும் மெல்லிய கம்பிகள், வளையங்களை இணைக்கும் மரையுள்ள தண்டுகள், நட்டுகள். அவ்வளவுதான்.

உடைந்த எலும்பை அழுத்திச் சேர்ப்பதுதான் முதலில் அவர் நோக்கம். ஒரு நோயாளி நட்டைத் தவறான பக்கம் திருகிவிட்டாராம், எலும்பு நெருங்குவதற்குப் பதிலாக விலகியது, எக்ஸ்ரேயில் பார்த்தால் அந்த இடைவெளியில் புது எலும்பு முளைத்திருந்ததாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியிருந்தாலும், அதன் பிறகு அவர் வருடக்கணக்கில் ஆராய்ந்து நிறுவிய விஷயம் உறுதியானது. எலும்பைப் பக்குவமாக வெட்டி, சில நாள் சும்மா விட்டு, பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கினால், இடைவெளியில் உடம்பே புது எலும்பை நெய்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் திருகக் கூடாது. கால் கால் மில்லிமீட்டராக நான்கு தவணை. வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது. ரொம்ப மெதுவாக இழுத்தால் முன்னாலேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

மாஸ்கோ பெரிய டாக்டர்கள் இவரை ரொம்ப நாள் மதிக்கவில்லை. வலேரி புரூமெல் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கியவர். அடுத்த வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கியது. பல ஆபரேஷன்கள் செய்தும் சரியாகாமல் 1968ல் இலிசாரோவிடம் போனார். கால் சேர்ந்தது மட்டுமில்லை, மறுபடியும் இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். 1980ல் கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி, பல வருடமாகச் சரியாகாத காலோடு குர்கான் போய் நன்றாக நடந்து திரும்பினார். அதைப் பார்த்து அசந்துபோன இத்தாலிய டாக்டர்கள் 1981ல் இலிசாரோவைத் தங்கள் மாநாட்டுக்கு அழைத்தார்கள். அங்கிருந்துதான் இந்த வளையம் உலகம் சுற்றியது. இந்தியாவுக்கும் வந்தது.

இங்கே அதற்கு வேலை நிறையக் காத்திருந்தது. ஒரு பக்கம் போலியோ. எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர் ஒரு கால் சூம்பி, முழங்காலில் கையை ஊன்றி நடந்தார்கள். உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். (இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். 2014ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நடையே தெரியாது.) இன்னொரு பக்கம் சாலை விபத்துகள். ஹைதராபாத்துக்கு எலும்பு வைத்தியம் புதிதில்லை. நிஜாம் அறக்கட்டளையின் பணத்தில் பஞ்சாகுட்டாவில் 1964ல் எலும்பு மருத்துவமனையாகத் தொடங்கியதுதான் பின்னாளில் நிம்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இனி என் கதை.

2003. நான் ஹைதராபாத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அமீர்பேட்டையில் இரண்டு ரூம் வீடு. சித்தப்பா பையன் அதே ஊரில் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தான். மழை நாளில் பைக் வழுக்கி, பின்னால் வந்த வேன் ஏறி, வலது கெண்டைக்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. சகதி பட்ட காயம் சீழ் பிடித்தது. ஊரிலிருந்து வந்த பெரியப்பா புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போடலாம் என்றார். அது புத்தூர் கட்டுக்கு அடங்கும் கேஸ் இல்லை. கெட்டுப்போன எலும்பை ஆறு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தார்கள். அப்புறம் ரிங் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை ரிங் என்றுதான் சொல்வார்கள்.

ஆறு சென்டிமீட்டர் ஓட்டையை எப்படி நிரப்புவது? முழங்காலுக்குக் கீழே நல்ல எலும்பில் ஒரு வெட்டு போட்டு, வெட்டிய துண்டை ஓட்டையை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். ரயிலில் நடுப்பெட்டியைக் கழற்றி முன்னால் தள்ளுவது போல. பெட்டி நகர நகர, பின்னால் புது எலும்பு வளர்ந்துகொண்டே வரும்.

மன்னார்குடியிலிருந்து சித்தி வந்தார். சென்னை வந்து, சார்மினார் எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு. எட்டாங்கிளாஸ் படிப்பு, தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானரைக் கையில் கொடுத்து, எந்த நட்டை எந்தப் பக்கம் கால் சுற்று திருப்ப வேண்டும் என்று காட்டினார். சித்தி ஒவ்வொரு நட்டிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பன்னிரண்டு. காலண்டர் தாளில் நாலு நாலு கோடு. சுமார் அறுபது நாள். ஒரு வேளை தவறவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து நான் வரும்போது, விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பார்.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா. நீ திருகு."

வலித்தது. முதல் இரண்டு வாரம் தெரியவில்லை, அப்புறம் தசை இழுக்க ஆரம்பித்தது. ராத்திரி தூக்கமே வராது. கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அங்கே சீழ் வைக்கும். இரண்டு தடவை வைத்தது, காய்ச்சலில் கிடந்தான். குதிகால் தரையில் பதியாமல் மேலே தூக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தினமும் பாதத்தை மடக்கிப் பயிற்சி. பேன்ட் போட முடியாது, சித்தி லுங்கியின் ஓரத்தைப் பிரித்து நாடா தைத்துக் கொடுத்தார். நகர்த்தி முடித்த பிறகும் ரிங்கைக் கழற்றவில்லை. புது எலும்பு முதலில் பஞ்சு மாதிரிதான், கெட்டிப்பட நீட்டிய நாட்களைப் போல இரண்டு மடங்கு ஆகும், சில சமயம் அதற்கும் மேலே. வாக்கரைப் பிடித்துத் தெருமுனை இரானி டீக்கடை வரை நடப்பதுதான் தினசரிப் பாடம். அங்கே டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் லஞ்சம். (அந்த பிஸ்கட்டே உஸ்மானியா ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.)

எட்டரை மாதம் கழித்து ரிங் கழன்றது. ஸ்பானரை சித்தி ஊருக்கு எடுத்துப்போய்விட்டார். இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது.

அடுத்தது 2016 ஏப்ரல். நான் அமெரிக்கா வந்து பல வருடமாகியிருந்தது. ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் இளைஞர், இருபதுகளின் தொடக்கம், ஐந்தடி ஏழு அங்குலம். (நம் ஊர்க் கணக்கில் அது குட்டையே இல்லை.) மூன்று அங்குலம் கூட வேண்டும் என்று வீட்டில் சொல்லாமல் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு காலிலும் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். மகனைக் காணோம் என்று பெற்றோர் தேடினார்கள். கண்டுபிடித்தபோது கட்டிலில் நடக்க முடியாத நிலையில் இருந்தார். டிவி, பேப்பர் எல்லாம் இதுதான். நோயில்லாத காலை வெட்டலாமா என்று ஒரு கட்சி. மேஜர் பையன், அவன் உடம்பு, அவன் சம்மதம், பெற்றோரை எதற்குக் கேட்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. விவகாரம் தெலங்கானா மருத்துவக் கவுன்சில் வரை போனது.

சட்டப்படி இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு மனதில் ஓடியது வேறு. மூன்று அங்குலம் என்றால் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர். திருகுவதற்கு மட்டும் 75 நாள். அது கெட்டிப்பட இன்னும் ஐந்து மாதம். அதுவும் இரண்டு காலிலும் ஒரே நேரத்தில். என் தம்பிக்கு ஊன்ற ஒரு நல்ல கால் இருந்தது, ஸ்பானர் பிடிக்க ஓர் அம்மா இருந்தார். ஆபரேஷனை ரகசியமாகச் செய்துகொள்ளலாம். எட்டு மாதத்தை ரகசியமாகக் கழிக்க முடியாது.

உயரத்துக்காக இதைச் செய்வது ஹைதராபாத்தில் ஆரம்பித்ததும் இல்லை, முடிந்ததும் இல்லை. சீனாவில் வேலைக்கும் கல்யாணத்துக்கும் உயரம் கேட்கிறார்கள் என்று இளைஞர்கள் குவிந்து, பலருக்குக் கால் கெட்டு, 2006ல் அரசாங்கமே அழகுக்காக இதைச் செய்யக்கூடாது என்று தடை போட்டது. கருவிகளும் மாறின. எலும்புக்குள்ளேயே ஆணியை வைத்து, வெளியிலிருந்து காந்த ரிமோட்டால் நீட்டும் முறைக்கு 2011ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வளையமில்லை, தோலில் கம்பியில்லை. சந்தோஷமான முன்னேற்றம்தான். ஆனால் இதே வகையில் முழு எடையையும் தாங்கும் என்று வந்த ஓர் ஆணி, துருவும் எலும்பு மாற்றமும் தென்பட்டதால் 2021ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆணி எதுவானாலும் இலிசாரோவ் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். சம்மர் லீவுக்குள் அடங்காது.

நம் பங்கையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை விளம்பரத்தில் உயரம் போடுகிறோம். ஊருக்கு வீடியோவில் பேசும்போது "பையன் அவ்வளவா வளரலையே" என்று பாட்டி கேட்பதை அவன் காதுபடவே கேட்டுவிட்டுச் சிரிக்கிறோம். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று பழமொழி சொல்லிவிட்டு, போட்டோவில் மட்டும் அவனை முன்வரிசையில் நிறுத்துகிறோம். நானும்தான்.

நண்பர் பையனுக்கு இதெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டான், முகம் மாறவில்லை. அங்கேயே தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். இப்போது தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. லுங்கியை ஏற்றி, காலைச் சுற்றி இருக்கும் தழும்புகளைக் காட்டினான்.

"சரி தம்பி, நட்டை யாரு திருகுவா?"

"இப்ப ரிமோட் இருக்கு அங்கிள். நானே பண்ணிப்பேன்."

"சரி. பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

பையன் பதில் சொல்லவில்லை. போனைத் திருப்பி என்னிடம் கொடுத்தான்.

நான் அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. நீயே சொல், இரண்டு வாரம் தருகிறேன், அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். பத்தாவது நாள் அவன் அம்மா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம், "அந்த ரிங்கை எத்தனை மாசம் போட்டிருந்தாங்க? ராத்திரி எப்படித் தூங்கினான் உங்க தம்பி?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பேப்பரில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செய்துகொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வாரம் ஒரு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள், மூன்று பேரும்.