மரமும் அட்டவணையும்: படிநிலைத் தரவுச் சேமிப்பில் வரிசைமுறையின் வரலாறு

இணையச் செயலி ஒன்றில் ஒரு கட்டட மதிப்பீடு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அடித்தளம்’ என்று ஒரு நிரை. பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் ‘மண் தோண்டுதல்’, ‘கான்கிரீட்’ என்று உட்பிரிவுகள் விரியும். ஒவ்வொன்றுக்கும் அளவு, விலை, தொகை என நெடுவரிசைகள் உண்டு. உட்பிரிவுகளின் கூட்டுத்தொகை மேல் நிரையில் ஏறும். நிரல் எழுதுவோர் இதை ட்ரீகிரிட் என்பார்கள். இக்கட்டுரை இதைப் படிநிலைக் கட்டம் என்று குறிக்கும். திரையில் மரமாகத் தெரியும் இந்தப் பொருள் தரவுத்தளத்தில் பெரும்பாலும் தட்டையான அட்டவணையாகத்தான் கிடக்கிறது. மரத்தை அட்டவணைக்குள் எப்படி மடித்து வைப்பது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது.

இந்த வரலாற்றை மரத்துக்கும் அட்டவணைக்கும் நடந்த பங்காளிச் சண்டையாகச் சொல்வது வழக்கம். 1960களில் மரம் ஆண்டது, 1970இல் அட்டவணை வந்து அதைத் தள்ளியது, 2009க்குப் பிறகு ஆவணத் தரவுத்தளங்களின் வழியே மரம் திரும்பியது என்று அந்தக் கதை போகும். ஆனால் நிகழ்ந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் தாய்–சேய் உறவைச் சேமிப்பது ஒருபோதும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. ஒரே தாயின் சேய்களில் எது முன், எது பின் என்பதுதான் ஒவ்வொரு காலத்திலும் இடறியிருக்கிறது.

1968இன் மூன்று மரங்கள்

அப்போலோ விண்கலத்தின் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க ஐபிஎம் நிறுவனம் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களோடு சேர்ந்து 1966இல் ஒரு மென்பொருளைத் தொடங்கியது. ஐஎம்எஸ் என்று பெயர் பெற்ற அது, 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டவுனி நகரில் ராக்வெல்லின் கணினி முனையத்தில் முதன்முறையாகத் தான் ஆயத்தம் என்று அறிவித்தது. ஒரு பாகத்துக்குள் பாகம், அதற்குள் பாகம் என்ற அமைப்பை அது நேரடியாக மரமாகவே சேமித்தது. தொடர்முறைச் சேமிப்பில் வேர்ப் பதிவு முதலில் வரும். அடுத்து அதன் முதல் சேய், அந்தச் சேயின் வழித்தோன்றல்கள் முழுவதும், அதன் பிறகே அடுத்த உடன்பிறப்பு. காந்த நாடாவில் பதிவுகள் கிடக்கும் வரிசையும் மரத்தை மேலிருந்து கீழாகப் படிக்கும் வரிசையும் ஒன்றே. ‘அடுத்ததைக் கொடு’ என்ற ஒரே கட்டளையால் நிரல் மரம் முழுவதையும் நடந்து முடித்துவிடும். இன்றைய படிநிலைக் கட்டம் திரையில் நிரைகளை அடுக்குவதும் இதே வரிசையில்தான்.

இதே ஆண்டில் டொனால்ட் நூத் தம் கணிநிரல் கலை நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். ஒரே மரத்தை ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய வட்டங்களாக, அடைப்புக்குறிகளாக, உள்தள்ளிய வரிகளாக எழுதலாம் என்று அதில் காட்டினார். தரவுத்தளக்காரர்கள் கால் நூற்றாண்டு கழித்துப் புதியதுபோல் எடுத்தாண்ட உத்தி அந்த வட்டங்களுக்குள் இருந்தது.

மூன்றாவது, டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய செயல்விளக்கம். கடைக்குப் போய் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் ஒன்றை அவர் திரையில் வகைவகையாகப் பிரித்தார். பிறகு உட்பிரிவுகளை மறைத்து மேல்நிலையை மட்டும் காட்டினார். விரியும், சுருங்கும் நிரைகளின் மூத்த வடிவம் அது. சேமிக்கும் முறை, எழுதும் முறை, காட்டும் முறை ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் தனித்தனியாகக் கிடைத்துவிட்டன. ஒன்றையொன்று சந்திக்க நெடுங்காலம் ஆனது.

காட் நீக்கியது என்ன

ஐஎம்எஸ்ஸில் ஒரு குறை இருந்தது. ஒரே திருகாணி இரண்டு பொறிகளில் பயன்பட்டால் அதை இரு மரங்களிலும் தனித்தனியே எழுத வேண்டும், அல்லது மரத்துக்குக் குறுக்கே சுட்டுகள் போட வேண்டும். இன்னொரு தொல்லை இதைவிட ஆழமானது. பதிவுகள் கிடக்கும் அமைப்பை நம்பி எழுதிய நிரல்கள் அந்த அமைப்பு மாறினால் முறிந்தன.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரை இந்த இரண்டாம் தொல்லையைத்தான் குறிவைத்தது. பயன்பாட்டு நிரல்கள் மூன்று சார்புகளிலிருந்து விடுபட வேண்டும் என்றார் அவர். ஒன்று வரிசைச் சார்பு, இன்னொன்று இன்டெக்ஸ் சார்பு, மூன்றாவது அணுகுபாதைச் சார்பு. பட்டியலில் வரிசைச் சார்பே முதலில் நிற்கிறது. அவருடைய உறவு என்பது ஒரு கணம். கணத்தின் உறுப்புகளுக்கு முன்பின் கிடையாது.

மரத்தை எதிர்த்தவர் என்று காட்டைச் சொல்பவர்கள் அந்தக் கட்டுரையை மறுபடி புரட்டிப் பார்க்கலாம். அதில் மரம் இரண்டு இடங்களில் இருக்கிறது. பாகம், பாகம், எண்ணிக்கை என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஓர் உறவை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். எந்தப் பாகத்துக்குள் எந்தப் பாகம் எத்தனை என்பதைச் சொல்லும் அட்டவணை அது. இன்று ‘பேரன்ட் ஐடி’ என்ற நெடுவரிசையால் செய்யும் வேலை அங்கேயே முழுமையாக இருக்கிறது. திருகாணி இரண்டு பொறிகளில் வந்தாலும் அதில் இரண்டு நிரைகள்தான், சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது இடம் பணியாளர் எடுத்துக்காட்டு. ஒரு பணியாளர் பதிவுக்குள் பதவி வரலாறு, அதற்குள் சம்பள வரலாறு என்று அட்டவணைக்குள் அட்டவணை. படிநிலைக் கட்டத்தின் அசல் உருவமே இதுதான். காட் அதைத் தட்டையாக்கிக் காட்டுகிறார். தாயின் திறவுகோலைச் சேயின் திறவுகோலோடு சேர்த்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். சம்பள வரலாற்றின் திறவுகோல் பணியாளர் எண், பதவித் தேதி, சம்பளத் தேதி என மூன்று பகுதி உடையதாகிறது. அந்த மூன்றையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் மரத்தின் நடைவரிசை தானாகவே மீண்டுவிடும். பாதையை எழுத்தாகச் சேமிக்கும் பிற்கால முறையின் கரு இங்கே இருக்கிறது என்பது என் வாசிப்பு. இங்கே உடன்பிறப்புகளுக்குத் தேதி என்ற இயல்பான வரிசை வாய்த்தது. மண் தோண்டுதலுக்கும் கான்கிரீட்டுக்கும் அப்படி எதுவும் இல்லை. பயனர் எங்கே இழுத்து வைத்தாரோ அதுதான் வரிசை.

சுழன்று இறங்குதல்

தாய்–சேய் அட்டவணையில் ஒரு படி கீழே இறங்க ஓர் இணைப்பு போதும். எத்தனை படி என்று தெரியாதபோது? உறவு இயற்கணிதத்தால் அதைச் சொல்லவே முடியாது என்று 1979இல் ஆல்ஃபிரட் ஆஹோவும் ஜெஃப்ரி உல்மனும் நிறுவினர். நிறுவனங்கள் தத்தம் வழியில் ஒட்டுப்போட்டன. ஆரக்கிள் 1980களில் ‘கனெக்ட் பை’ என்ற தொடரைச் சேர்த்தது. அது மரத்தை நடந்து காட்டும். ஆனால் உடன்பிறப்புகளைப் பெயர்வாரியாக அடுக்க வழக்கமான வரிசைக் கட்டளையைச் சேர்த்தால் மரமே கலைந்துபோகும். உடன்பிறப்புகளை மட்டும் அடுக்கும் தனித்தொடர் ஒன்பதாம் பதிப்பில்தான் வந்தது. மரம் நடக்கத் தெரிந்த பிறகும் முன்பின்னுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

உறவுத் தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் 1999ஆம் ஆண்டுத் தரநிலை, தன்னையே திரும்ப அழைத்துப் படிபடியாக இறங்கும் தற்சுழல் வினவலை அனைவருக்கும் பொதுவாக்கியது. ஆழமுறையில் அடுக்கு என்று சொல்லும் துணைத்தொடரும் அதில் உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் தற்சுழல் வினவலை 2009இல் ஏற்றது. வரிசை தரும் துணைத்தொடரை 2021இல்தான் ஏற்றது. இடைப்பட்ட 12 ஆண்டுகளும் நிரலர்கள் ஒவ்வொரு சுழலிலும் பாதையை ஓர் அணியாகச் சேர்த்து, கடைசியில் அதை வைத்து அடுக்கினார்கள். எஸ்கியூலைட்டுக்குத் தற்சுழல் 2014இல் வந்தது. மைஎஸ்கியூஎல்லுக்கு அது 2018வரை கிட்டவில்லை.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. 2000களின் இணையச் செயலிகளில் மிகப் பல மைஎஸ்கியூஎல்லின் மேல்தான் நின்றன. தற்சுழல் இல்லாத தரவுத்தளத்தில் மரத்தை வைக்கும் தேவைதான் அடுத்து வரும் எண் விளையாட்டுகளுக்கு அத்தனை ஆதரவைத் தேடித் தந்தது.

எண்களும் பாதைகளும்

நூத் வரைந்த வட்டங்களை இரண்டு எண்களாக்கி எஸ்கியூஎல் உலகில் பரப்பியவர் ஜோ செல்கோ. ஒவ்வொரு கணுவுக்கும் இடது எண், வலது எண். அடித்தளம் 1, 6. மண் தோண்டுதல் 2, 3. கான்கிரீட் 4, 5. அடித்தளத்தின் உட்பிரிவுகள் யாவை? 1க்கும் 6க்கும் இடையில் இடது எண் உள்ளவை. இடது எண்ணால் அடுக்கினால் திரைக்கு வேண்டிய வரிசை அப்படியே வரும். ஐஎம்எஸ்ஸின் காந்த நாடா மறுபடி வந்துவிட்டது. நாடாவில் இருந்த இடம் இப்போது ஒரு நெடுவரிசையில் எண்ணாக நிற்கிறது.

இம்முறைக்குக் கொடுக்கும் விலை, புதிதாக ஒன்றை எழுதும்போதுதான் தெரியும். மண் தோண்டுதலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ‘கம்பி கட்டுதல்’ சேர்ந்தால் அது 4, 5 ஆகும். கான்கிரீட் 6, 7 ஆகும். அடித்தளத்தின் வலது எண் 8 ஆகும். நிறைந்த பந்தியில் நடுவே ஒருவர் உட்கார வந்தால் கடைசி இலைவரை நகர வேண்டியதுபோல, அதற்கு அப்பாலுள்ள அத்தனை நிரைகளும் திருத்தப்படும். 10,000 நிரைகள் உள்ள மரத்தின் தொடக்கத்தில் ஒன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய 10,000 திருத்தங்கள். படிப்பது மிகுந்து எழுதுவது அரிதான பொருள் வகைப்பட்டியலுக்கு இது பொருந்தும். நாள் முழுக்கத் திருத்தப்படும் மதிப்பீட்டுக்குப் பொருந்தாது. இம்முறையின் புகழில் பாதி மைஎஸ்கியூஎல்லின் குறையால் வந்தது என்றே எண்ணுகிறேன்.

ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தின் தொடக்கப் பதிப்புகளில் மரத்துக்கு ஒரு கூறு, பட்டியல் வரிசைக்கு ஒரு கூறு, இந்த இரட்டை எண் முறைக்கு ஒரு கூறு என்று மூன்று இருந்தன. மரக்கூறு தாயை மட்டும் அறியும். பட்டியல்கூறு இடத்தை மட்டும் அறியும். உறவும் வரிசையும் வேறுவேறு பொருள் என்பதை அதன் ஆசிரியர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

பாதை முறையில் ‘1.2.3’ போன்ற எழுத்துச் சரம் நிரையோடு சேர்ந்திருக்கும். இதில் விழுந்து எழாத நிரலர் அரிது: எழுத்து வரிசையில் 10 என்பது 2க்கு முன் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு படிக்கும் நிலையான அகலம் வேண்டும். ஜாங்கோவின் ட்ரீபியர்ட் நூலகம் 36 குறிகளை வைத்துக்கொண்டு படிக்கு 4 இடம் ஒதுக்குகிறது. ஒரு தாய்க்கு 16,79,615 சேய்கள்வரை தாங்கும். நடுவில் நுழைப்பதற்கு மட்டும் அதிலும் பின்னால் வருவோர் நகர வேண்டும். எக்ஸ்எம்எல் ஆவணங்களைச் சேமிக்க முயன்ற மைக்ரோசாஃப்ட் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆர்ட்பாத் என்ற முறை இதற்கு அழகான விடை தந்தது. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை எண்களை மட்டும் கொடு. இடையில் யாராவது வந்தால் இரட்டை எண்ணை வாசலாக வைத்து அதன் கீழ் இடம் கொடு. யாரும் நகர வேண்டியதில்லை. எக்ஸ்எம்எல் தரவுத்தளங்களின் ஆரவாரம் அடங்கிய பிறகும் நிற்கும் பயன்களில் இதை முதலில் வைப்பேன். எஸ்கியூஎல் சர்வர் 2008இன் படிநிலைத் தரவுவகையிலும் இடையில் நுழைக்கும் இந்த வசதி உண்டு.

முன்னோர்–வழித்தோன்றல் இணைகள் அனைத்தையும் தனி அட்டவணையில் எழுதும் முறையும் உண்டு. பில் கார்வின் 2010இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. வினவ எளிது. உடன்பிறப்பு வரிசை குறித்து அது வாயே திறப்பதில்லை.

உலாவிக்கு வந்த மரம்

உலாவியில் ஜேசான் என்ற தரவு எழுதுமுறை பரவியபோது படிநிலைக் கட்டத்தை அப்படியே ஓர் ஆவணமாக எழுதி வைக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. 2009இல் வந்த மாங்கோடிபி அதற்கு இடம் கொடுத்தது. போஸ்ட்கிரஸ் 2014இல் ஜேசான்பி வகையைச் சேர்த்தது. இங்கே வரிசை ஒரு பொறியை வைத்திருக்கிறது. ஜேசானில் அணிக்கு வரிசை உண்டு, பொருளுக்கு இல்லை. ஜேசான்பி ஒரு பொருளின் சாவிகளை எழுதிய வரிசையில் வைத்திருப்பதில்லை. நெடுவரிசைகளைச் சாவிகளாக எழுதி, அவை அதே வரிசையில் திரையில் வரும் என்று நம்பினால் ஒருநாள் தொகை முன்னும் அளவு பின்னுமாக வந்து நிற்கும். நிரைகளை அணியில் வைத்தால் வரிசை காக்கப்படும். ஆனால் ஒரு கட்டத்தின் ஓர் அறையைத் திருத்த மரம் முழுவதையும் மறுபடி எழுத நேரும். மாங்கோடிபியில் ஓர் ஆவணத்துக்கு 16 எம்பி என்ற வரம்பும் உண்டு.

இரண்டு பேர் ஒரே கட்டத்தை ஒரே நேரத்தில் திருத்தத் தொடங்கியதும் கேள்வி கூர்மையாகிறது. ‘அ’வை ‘ஆ’வின் கீழ் ஒருவர் நகர்த்துகிறார், அதே கணத்தில் ‘ஆ’வை ‘அ’வின் கீழ் இன்னொருவர் நகர்த்துகிறார். தனித்தனியே இரண்டும் சரி. சேர்ந்தால் இரண்டும் வேரிலிருந்து அறுந்து ஒன்றையொன்று சுற்றும். மார்ட்டின் கிளெப்மனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் எழுதிய கட்டுரை இந்த நகர்வுச் செயலுக்கென்றே ஒரு நெறிமுறையைத் தந்தது. ஃபிக்மா வடிவமைப்புச் செயலி எளிய வழியில் போனது: சுழல் உண்டாக்கும் மாற்றத்தைச் சேவையகம் மறுத்துவிடும். தாயின் அடையாளமும் உடன்பிறப்புகளுக்கிடையே இடத்தைச் சொல்லும் பின்னமும் அங்கே ஒரே பண்பாகச் சேர்ந்து எழுதப்படுகின்றன. ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் தொங்கும் நிலை வராது. ரெயில்ஸ் பிரித்து வைத்த இரண்டையும் ஃபிக்மா ஒரே மூச்சில் எழுதச் சொன்னது.

பின்னம் என்பது 1க்கும் 2க்கும் நடுவே 1.5 என்று இடம் தருவது. வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 1க்கு உடனடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப நுழைத்தால் 52 முறைக்குப் பின் இடம் தீர்ந்துவிடும். அதனால் நீளம் கட்டுப்படாத எழுத்துச் சரங்களே இப்போது பின்னங்களாகப் பயன்படுகின்றன. இன்று புதிதாக ஒரு படிநிலைக் கட்டத்தைக் கட்டுவோருக்கு என் பரிந்துரையும் இந்தச் சேர்க்கைதான்: தாயின் அடையாளம், சரமாக எழுதிய இடம், மாறும் நெடுவரிசைகளுக்கு ஒரு ஜேசான் புலம், படிக்கத் தற்சுழல் வினவல்.

சேமிப்பு முடிந்தாலும் காட்சி முடிவதில்லை. பெரிய கட்டங்களில் கண்ணுக்குத் தெரியும் சில நிரைகளை மட்டுமே உலாவி வரையும். 400ஆம் நிரை எது என்று சேவையகத்திடம் கேட்டால் விடை பயனருக்குப் பயனர் மாறும். ஏனெனில் யார் எந்தக் கிளையைச் சுருக்கி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்களுக்காக ஏரியா தரநிலை ட்ரீகிரிட்டுக்குத் தனிப் பங்கு வகுத்து, ஒரு நிரை எத்தனையாவது படியில் உள்ளது, உடன்பிறப்புகளில் எத்தனையாவது என்று அறிவிக்கப் பண்புகளைக் கொடுத்திருக்கிறது. ஆகவே, திரையில் வரையாத நிரைகளின் எண்ணிக்கையும் செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயனர் ‘தொகை’ நெடுவரிசையின் தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்தும்போது செயலிகள் பிரிகின்றன. சில உடன்பிறப்புகளுக்குள் மட்டும் அடுக்குகின்றன; சில மரத்தைக் கலைத்துத் தட்டையான பட்டியலைக் காட்டுகின்றன. முதல் வழியில் ஆகப் பெரிய தொகை எங்கோ ஒரு கிளைக்குள் புதைந்து கிடக்கும். இரண்டாவதில் அந்தத் தொகை எதன் பகுதி என்பது தெரியாது.