யோனி இறுக்கம்: சிகிச்சை முறைகள்

உடலுறவுக்கு முயலும்போதோ மருத்துவர் பரிசோதிக்கும்போதோ யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வது யோனி இறுக்கம். மருத்துவ வழக்கில் வஜைனிஸ்மஸ். கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுவதைப் போன்றது இது. பெண்ணின் பிடிவாதம் அல்ல.

அமெரிக்க மருத்துவர் மரியன் சிம்ஸ் 1860களின் தொடக்கத்தில் வஜைனிஸ்மஸ் என்று பெயரிட்டார். கத்தியால் கீறிவிட்டுக் கண்ணாடி விரிப்பான் வைப்பது அவர் முறை. கத்தி வழக்கொழிந்தது, விரிப்பான் நிலைத்தது. 1970இல் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இணையர் அதைப் படிப்படியான பயிற்சியாக்கினர்.

இன்றைய சிகிச்சையில் முதலில் தொற்று, தடித்த கன்னிச்சவ்வு, மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சி போன்ற காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கருவியை நுழைக்கும் பரிசோதனை நோயை வளர்க்கும். அடுத்தது தசையைத் தளர்த்தப் பழகுதல். இறுக்கும் பயிற்சியை மட்டும் செய்தால் போதாது. விடுவதைத்தான் கற்க வேண்டும். பிறகு ஜெல் தடவிய சுண்டுவிரல், அதன்பின் சிறியதிலிருந்து பெரியதாக விரிப்பான்கள். அவற்றைப் பிடிப்பது பெண்ணின் கையாகவே இருக்க வேண்டும்; வேகமும் அவள் முடிவு. பயத்தைக் குறைக்க மனநல ஆலோசனையும், கணவருக்கு விளக்கமும் இதனுடன் சேரும். நெதர்லாந்தில் 70 பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளர் உடனிருந்து இப்படிப் பழக்கிய 35 பேரில் 31 பேருக்கு உடலுறவு கைகூடியது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த 35 பேரில் 4 பேருக்குத்தான். பயிற்சி பலிக்காதவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி உண்டு. அது முதல் தேர்வல்ல. கன்னிச்சவ்வில் உண்மையான குறையில்லாமல் அறுவை செய்வது வீண்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரக் காட்டூரான ஜவளகிரி போன்ற இடங்களில் சிக்கல் மருத்துவமனை இல்லாதது அல்ல, வாய்விட்டுச் சொல்ல முடியாதது. தேன்கனிக்கோட்டையிலும் ஓசூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. மனநல உதவிக்குப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஆனால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெண், கூட வந்த மாமியார் எதிரில், இதை எந்த மொழியில் சொல்வாள்? தனியறையும் அவள் மொழி தெரிந்த செவிலியரும் இங்கே சிகிச்சையின் பகுதிதான். தாம்பத்தியமே நடக்காத தம்பதி குழந்தையின்மைச் சோதனைகளில் ஆண்டுகளைக் கழிப்பதும் உண்டு. எனவே மருத்துவரிடம் “குழந்தை இல்லை” என்று தொடங்காமல், “வலிக்கிறது, சேர முடியவில்லை” என்றே முதலில் சொல்லுங்கள்.