பத்துக்குப் பன்னிரண்டு

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி கோயிலைச் சூழ்ந்த சந்துகளில், வாசலில் திண்ணையும் அதையடுத்து ரேழியும் அதற்கப்பால் முற்றமும் கூடமுமாக ஒரே குடும்பத்துக்கென்று கட்டப்பெற்று, பிற்காலத்தில் ஆறு குடும்பங்களும் எட்டுக் குடும்பங்களும் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் அநேகம் இருந்தன. ஒண்டுக்குடித்தனம் என்று அவற்றைச் சொல்வார்கள். வாடகைக்கென்றே வரிசையாக அறைகளைக் கட்டி விட்டிருந்தால் அதற்கு ஸ்டோர் என்று பெயர். எதுவானாலும், ஒரு குடும்பத்தின் சொந்த ராஜ்யம் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றும், அடுப்பு வைக்க ஒரு மூலையும்தான். அத்தகைய அறையொன்றில் என் பால்யம் கழிந்தது. ஏழு பேர் அங்கே வசித்தோம் என்று இன்று சொன்னால் கேட்பவர்கள் பரிதாபப்படுகிறார்கள். அது சிறிய அறை என்ற பிரக்ஞையே எங்களுக்கு வெகுகாலம் இருந்ததில்லை. அறையை நடத்தத் தெரிந்த தலைமுறையொன்று அப்போது இருந்தது.

உத்தியோகத்தை நம்பிச் சென்னைக்கு வந்தவர்களுக்குத் தனி வீடு எட்டாக்கனி. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தபோது பெற்ற சம்பளம் மாதம் 30 ரூபாய் என்பதை நினைத்தால், அந்த வர்க்கத்தாரின் நிலைமை விளங்கும். 1942-ல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் கதவைப் பூட்டிக்கொண்டு கிராமத்துக்கு ஓடியவர்கள், பீதி தணிந்ததும் திரும்பினார்கள். அவர்களோடு புதியவர்களும் வந்தார்கள். 1941 ஜனக்கணக்கில் ஏறத்தாழ 7 லட்சத்து 77 ஆயிரமாக இருந்த நகரம் 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டிற்று. இடையில் நகர எல்லையை விஸ்தரித்தார்கள் என்பது மெய்யே என்றாலும், வந்து குவிந்த ஜனங்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு. 1946-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகையை அது ஒரு மட்டில் நிறுத்த முனைந்ததே தவிர, அறையை ஓரங்குலமும் நீட்டிவிடவில்லை.

நீள வழியில்லாத அறைக்கு உயரமே கதி. அந்த விஷயத்தில் பழைய கொத்தனார்கள் தாராள மனசு படைத்தவர்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்லும் தளத்தில், தேக்கு விட்டங்களின்மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியைப் பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். வெயிலின் உக்கிரம் தலைக்கு இறங்காதிருக்கும்பொருட்டு அந்தத் தளத்தைப் பன்னிரண்டடி உயரத்தில், சில வீடுகளில் அதற்கும் மேலே, அமைத்தார்கள். காற்றுக்காக விட்ட அந்த ஆகாசத்தைத்தான் ஒண்டுக்குடித்தனக்காரர்கள் குடித்தனத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

விட்டத்திலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். அவற்றில் ஒரு மூங்கில் படுக்கைவாட்டில் கிடக்கும். அதுதான் கொடி. எங்கள் பாட்டி ஐந்தடிக்கும் குறைவு. ஆனால் ஒன்பது கஜப் புடவையைச் சொட்டு ஜலமில்லாமல் பிழிந்து, நாலாக மடித்து, கோலின் நுனியில் ஏந்தி, ஒரே வீச்சில் அந்த மூங்கிலின்மேல் ஏற்றிவிடுவாள். பிறகு கீழே நின்றபடியே கோலால் மடிப்பு மடிப்பாகத் தள்ளி விரிப்பாள். தரையில் ஓர் ஈர அடையாளம் விழாது. அந்தப் புடவைக்கடியில் நாங்கள் நடமாடுவோம். வேண்டும்போது அதைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டால் சுவராகும். அதற்கப்பால் ஒருவர் உடை மாற்றிக்கொள்ளலாம், பச்சைக் குழந்தை ஏணையில் தூங்கலாம். கொடிக்கும் மேலே பரண். நவராத்திரி பொம்மைகளும் பண்டிகைக்கு மட்டும் இறங்கும் பெரிய வெண்கலப் பானையும் அங்கே வருஷம் முழுவதும் இருட்டில் வாசம் செய்யும். விளக்குக்கும் விபூதிக்கும் சுவரின் கனத்திலேயே மாடப்பிறை இருந்தது.

காலுள்ள சாமான் தரையில் நிற்கலாகாது என்பது எழுதப்படாத சாஸனம். விடிவதற்குள் ஏழு கோரைப்பாய்களும் சுருண்டு மூலையில் நின்றுவிடும். தலையணைகள் பெட்டிகளின்மேல் ஏறும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு தகரப் பெட்டிகள்மேல் ஜமக்காளத்தை விரித்தால் விருந்தாளிக்கு ஆசனம். எட்டு மணிக்குப் போஜனசாலை, பத்து மணிக்கு அரிசி பொறுக்கும் இடம், மாலையில் பாடசாலை, இரவு ஒன்பதுக்குப் பள்ளியறை என்று ஒரே தரை வேளைக்கொரு வேஷம் போட்டது. ஆண்பிள்ளைகளில் இருவர் திண்ணைக்குப் போய்விடுவார்கள். கோடையில் மொட்டை மாடி. படிக்கட்டுக்கு அடியிலும் மனிதன் வாழலாம் என்பதை 1968-ல் வெளிவந்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் கே. பாலசந்தர் காட்டியபோது சிரித்தவர்களில் பலர், அத்தகைய படிக்கட்டொன்றைக் கடந்து கொட்டகைக்கு வந்தவர்கள்தாம்.

இனிக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து லக்ஷ்மியும் சரஸ்வதியும் வீடுதோறும் எழுந்தருளத் தொடங்கினார்கள். படங்களைச் சுவரோடு சுவராக ஒட்டினாற்போல் மாட்டுவதில்லை. மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும்படி கயிறு விட்டு மாட்டுவார்கள். பார்ப்பவர் தரையில் உட்கார்ந்திருப்பவரல்லவா? எங்கள் நிலைக்கண்ணாடியும் அந்த வரிசையில் அப்படியே சாய்ந்து தொங்கிற்று. எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்து அண்ணாந்து நோக்கினால், கண்ணாடிக்குள் இன்னொரு தரை மேடேறிக்கொண்டு போகும். வாசற்படியின் வெளிச்சமும், அதைத் தாண்டி முற்றத்துத் துளசிமாடத்தின் ஒரு விளிம்பும் அதில் அகப்படும். அறையை இரட்டிப்பதற்கென்று யாரும் அதை அப்படி மாட்டவில்லை. இருந்தும் அறை இரட்டித்தது. அந்த இன்னொரு அறைக்குக் குடிபோகலாமென்று ஐந்து வயதில் நான் யோசனை சொன்னதுண்டு. அங்கேயும் நாம் ஏழு பேரும் முன்னதாகவே இருக்கிறோமே என்றார் அப்பா.

இவ்வளவையும் குலைத்தது வறுமையன்று, சற்றே வந்த சௌகரியம். அப்பாவுக்குச் சம்பளம் உயர்ந்த வருஷத்தில் ஓர் இரும்புக் கட்டில் வந்தது. ஆறடிக்கு நாலடி, 120 சதுர அடியில் 24 சதுர அடி ஒரேயடியாகப் போயிற்று, அதுவும் பகலில் சுருட்டி மூலையில் நிறுத்த முடியாத 24 அடி. பெட்டிகள் கட்டிலுக்கடியில் போயின. பெட்டிகள் போன இடத்துக்கு அடுத்த வருஷம் ஒரு மேஜை வந்தது. மேஜை வந்தால் நாற்காலி வராமலிருக்குமா? நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியை நிமிர்த்தி மாட்டியதில், அதற்குள் தெரிந்த தரை மறைந்து, எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. கட்டில் வந்த அன்றைக்கு எல்லோரும் முறை வைத்து அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். பாட்டி மட்டும் உட்காரவில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும், தன் பாயை விரிப்பதற்கு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதைச் சுருணை கலையாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரேழிக்குப் போனாள்.